ரஷ்யத் தக்காளி விதைகளைச் சேர்ப்பதும் கைமாற்றுவதும்

ரஷ்யாவில் வீட்டுத் தோட்டக்காரர்கள் தக்காளி விதையைக் கைமாற்றிக்கொள்வது குளிர்காலத்தில். நவம்பரில் பனி விழத் தொடங்கியதும் அவரவர் பட்டியலை எழுதுவார்கள். மார்ச் நடுவில் ஜன்னலோரத்தில் விதைப்பு தொடங்கும். அதற்குள் உறைகள் எல்லாம் வந்து சேர்ந்துவிட வேண்டும். நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் தூலா, மாஸ்கோவுக்குத் தெற்கே. ஊருக்கு வெளியே எங்கள் தாச்சா, அதாவது தோட்டத்தோடு கூடிய கோடை வீடு, இருக்கிறது. ஆறு சோத்கா, அதாவது 600 சதுர மீட்டர்; நம்மூர்க் கணக்கில் பதினைந்து சென்டுக்குச் சற்றுக் குறைவு. உருளைக்கிழங்கு, வெள்ளரி, பெர்ரிச் செடிகள் போக, 3×6 மீட்டர் பாலிகார்பனேட் பசுமைக்குடில் ஒன்றும் வெளியில் இரண்டு பாத்தியும் தக்காளிக்கு. இவ்வளவு இடத்தில் விதைக்கென்று தக்காளி வளர்ப்பதையும், அதைப் பிறரோடு மாற்றிக்கொள்வதையும் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் எண்ணிக்கையில்தான் கண் வைக்கிறார்கள். நூறு ரகம், இருநூறு ரகம் என்று பட்டியல் நீளும். பத்து ரகம் போதும் என்பேன். அந்தப் பத்தும் யாரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டு விளைந்தது, வேறு ரகத்தின் மகரந்தம் விழாமல் பூ மூடப்பட்டதா இல்லையா என்று கேட்டால் உடனே பதில் சொல்ல முடிய வேண்டும். பெயர் மட்டும் எழுதிய பொட்டலத்தை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. வாங்கினாலும் தனியாக வைத்து, வளர்த்துப் பார்த்த பிறகே பட்டியலில் சேர்ப்பேன்.

பெயர் வந்த வழி

ரஷ்ய ரகங்களில் பெயர்க் குழப்பம் அதிகம். ‘பீச்சியே செர்த்சே’, அதாவது காளை இதயம், என்று கேட்டு வாங்கினால் இதய வடிவத்தில் ஒரு பெரிய பழம் வரும். அது எந்தக் காளை இதயம்? சிவப்பா, இளஞ்சிவப்பா, மஞ்சளா? சைபீரியாவின் தெற்குப் பகுதியில் உள்ள மினுசின்ஸ்க் ஊரார் தலைமுறையாக வைத்திருக்கும் காளை இதயம் ஒன்று உண்டு. அந்த ஊரில் ஆகஸ்டில் தக்காளிக்கென்றே திருநாள் கொண்டாடிப் பெரிய பழங்களை எடை போட்டுப் பரிசு கொடுக்கிறார்கள். அங்கிருந்து வந்த விதையையும் கடைப் பொட்டலத்து விதையையும் ஒரே பெயரில் ஒரே டப்பாவில் போட்டால் இரண்டு ரகமுமே அழிந்த மாதிரிதான்.

இன்னொரு குழப்பம், வெளியூர் போய்த் திரும்பி வரும் ரகங்கள். கிரிமியாவின் கருந்தக்காளியை ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ் ஓலோவ் ரோசன்ஸ்த்ரோம் என்பவர் 1990-இல் அமெரிக்காவின் ‘சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்’ என்ற விதைப் பரிமாற்ற அமைப்பு வழியாக அங்குள்ள தோட்டக்காரர்களுக்குக் கொடுத்தார். அது ‘பிளாக் கிரிம்’ என்று உலகம் சுற்றியது. இப்போது ரஷ்யச் சேகரிப்பாளர்களின் பட்டியலில் அதே ஆங்கிலப் பெயரோடும் இருக்கிறது, ‘சோர்னி கிரிம்’ என்ற ரஷ்யப் பெயரோடும் இருக்கிறது. சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு மாஸ்கோவின் விதை வணிகர் மரீனா தனிலென்கோ பல ரகங்களை அந்த அமெரிக்க அமைப்புக்கு அனுப்பினார். பால் ராப்சன், அசோய்ச்கா, ‘பிளாக் ஃப்ரம் தூலா’ எல்லாம் மேற்கே பரவியது அவர் கைவழியாகத்தான். எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய அந்தக் கருந்தக்காளி எனக்கும் அமெரிக்கா போய்த் திரும்பிய விதையாகத்தான் கிடைத்தது; கொடுத்தவர் அதை மறைக்காமல் உறையிலேயே எழுதியிருந்தார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் இன்றுவரை விதை வாங்குகிறேன்.

ஆகவே பெயரை வந்தபடியே எழுதுங்கள். ரஷ்ய எழுத்தில் வந்தால் ரஷ்ய எழுத்தில், ஆங்கிலத்தில் வந்தால் ஆங்கிலத்தில். நீங்களாக மொழிபெயர்த்துப் புதுப்பெயர் சூட்ட வேண்டாம். என் உறையில் இருப்பது இவ்வளவுதான்:

கஸ்மனாவ்த் வோல்கவ். வந்தது: ரியசானிலிருந்து, 2019. என் விளைச்சல்: 2022. மூடிய பூங்கொத்து. செடி இரண்டு, இரண்டும் ஒத்திருந்தன. முளைப்பு பத்துக்கு ஒன்பது.

கஸ்மனாவ்த் என்றால் விண்வெளி வீரர். 1971-இல் சோயூஸ்-11 விண்கலத்தில் இரண்டு தோழர்களோடு உயிரிழந்த விளதிஸ்லாவ் வோல்கவின் பெயர் அது. பால் ராப்சனும் அப்படித்தான். சோவியத் மக்கள் நெஞ்சில் இடம்பிடித்த அமெரிக்கப் பாடகர் அவர். ஒருவர் நினைவாக வைத்த பெயரைத் தாங்கிய பொட்டலத்துக்குள் வேறு ஏதோ தக்காளியின் விதை இருந்தால் எனக்குப் பொறுக்காது.

எந்த ரகத்தில் தொடங்கலாம்

பொட்டலத்தில் எஃப்1 என்று போட்டிருந்தால் அது வீரிய ஒட்டு ரகம். அதிலிருந்து எடுத்த விதை தாயைப் போல வராது. சாப்பிட வளர்க்கலாம், கைமாற்றக் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது வேறொன்று: கலப்பு நடந்துவிட்டால் அதைத் தானே காட்டிக்கொடுக்கும் ரகங்களும் உண்டு, கடைசிவரை மறைக்கும் ரகங்களும் உண்டு.

தக்காளியின் இலை இரண்டு வகை. ஒன்று பல் பல்லாக வெட்டுப்பட்ட சாதாரண இலை. மற்றது உருளைக்கிழங்குச் செடியைப் போல அகன்று, விளிம்பு வழவழப்பாக இருக்கும் இலை. இந்த இரண்டாவது ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். உருளை இலை ரகத்தின் பூவில் வேறு செடியின் மகரந்தம் விழுந்திருந்தால், அந்த விதையில் முளைக்கும் நாற்று சாதாரண இலையோடு வரும். ஜன்னலோரத்தில், நாலைந்து இலை விட்ட பருவத்திலேயே தெரிந்துவிடும். பிடுங்கிவிடலாம், அல்லது ‘கலப்பு’ என்று எழுதித் தனியே வளர்க்கலாம். ரஷ்யாவில் ‘யப்போன்ஸ்கி த்ரியூஃபில் சோர்னி’ என்ற கருப்பு ரகமும், சைபீரியாவிலிருந்து வந்த ‘கலீனா’ என்ற சின்ன மஞ்சள் தக்காளியும் உருளை இலை கொண்டவை. புதியவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இவற்றைத்தான். இவை தாமே ஆசிரியராக இருக்கும்.

நிறத்திலும் இதே கதை. மஞ்சள், சிவப்புக்கு ஒடுங்கியது. தோல் நிறமற்று இருப்பதால் வரும் இளஞ்சிவப்பும் ஒடுங்கியதே. பழுத்த பிறகும் பச்சையம் போகாமல் இருப்பதால்தான் கருந்தக்காளிக்கு அந்தப் பழுப்பு நிறம், அதுவும் ஒடுங்கியதே. ‘மலஹீத்தவயா ஷ்கத்தூல்கா’ என்ற ரகம் பழுத்தாலும் மரகதப் பச்சையாகவே இருக்கும். அதன் விதையில் சிவப்புப் பழம் காய்த்தால் அங்கே வண்டு வந்து போயிருக்கிறது என்று பொருள்.

சாதாரண இலையும் சிவப்புப் பழமும் கொண்ட ரகங்கள்தான் ஏமாற்றும். அவற்றில் கலப்பு நேர்ந்தால் அடுத்த ஆண்டுச் செடி ஒன்றும் சொல்லாது, சிவப்பாகவே காய்க்கும். அதற்கடுத்த ஆண்டில்தான் ஒன்று மஞ்சள், ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று சிதறும். அதற்குள் அந்த விதை பலர் வீட்டுக்குப் போயிருக்கும். கஸ்மனாவ்த் வோல்கவ் போன்ற சிவப்பு ரகத்தைத்தான் அதிகக் கவனமாகக் காக்க வேண்டும். எல்லோரும் கருப்புக்கும் பச்சைக்கும் பை கட்டிவிட்டு, சிவப்பு சிவப்பாகத்தானே வரும் என்று விட்டுவிடுகிறார்கள்.

பூவை மூடுதல்

தக்காளி தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் செடி. மகரந்தப்பைகள் கூம்பாக ஒட்டி நிற்க, மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடி அதற்குள் மறைந்திருக்கும். பெரும்பாலான ரகங்களில் கலப்பு குறைவு. ஆனால் பழைய பெரும்பழ ரகங்கள் சிலவற்றிலும் உருளை இலை ரகங்கள் சிலவற்றிலும் சூலகமுடி கூம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெரும்பழ ரகங்களின் முதல் கொத்தில் இரண்டு மூன்று பூக்கள் ஒன்றாக ஒட்டி அகலமாக விரியும். அதிலிருந்துதான் மிகப் பெரிய பழம் வரும், அதில்தான் கலப்பு வாய்ப்பும் அதிகம். எடைப் போட்டிக்கு அந்தப் பூ நல்லது. விதைக்கு வேண்டாம், கிள்ளிவிடுங்கள்.

இங்கே கலப்புக்குக் காரணம் பெரும்பாலும் பம்பிள் வண்டு. தேனீ தக்காளிப் பூவை அவ்வளவாக நாடாது. வண்டோ பூவைக் கவ்விக்கொண்டு உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். காலையில் குடிலின் கதவைத் திறந்ததும் உள்ளே வந்துவிடும். அதனால் பரிசுப்பொருள் கட்டும் சல்லடைத் துணிப் பை, ஆர்கன்சா என்பார்களே, அதையே பயன்படுத்துகிறேன். பயிர் மூடும் வெள்ளை நெய்யாத் துணியைத் தைத்தும் போடலாம், ஆனால் குடிலுக்குள் அது சூட்டைப் பிடித்துவைக்கும். 32 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் வீரியம் இழக்கிறது. பைக்குள் பூ உதிர்ந்துவிடும்.

செய்முறை எளிது. இரண்டாவது அல்லது மூன்றாவது கொத்தைத் தேர்ந்தெடுங்கள். மொட்டு மஞ்சள் காட்டி இன்னும் விரியாத நேரத்தில் பையைப் போடுங்கள்; ஏற்கெனவே விரிந்த பூ இருந்தால் கிள்ளி எறியுங்கள். தினமும் முற்பகலில் பையோடு கொத்தை மெல்லத் தட்டுங்கள். பட்டாணி அளவில் மூன்று நான்கு பிஞ்சு தெரிந்ததும் பையை அவிழ்த்து, அந்தக் காம்பில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டிவிடுங்கள். பை இல்லாத இடத்தில் பிறகு விரியும் பூக்களைக் கிள்ளிவிட வேண்டும். நூல் கட்டாமல் விட்டால் வீட்டார் பறித்துச் சாலட்டில் போட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் சிவப்பு நூல் கட்டிய பழத்தைப் பேரப்பிள்ளைகள்கூடத் தொடுவதில்லை.

செடியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், பழத்தைப் பார்த்து அல்ல. நோஞ்சான் செடியில் ஒரே ஒரு அழகான பழம் காய்த்திருந்தால் அதைச் சாப்பிடலாம். சீக்கிரம் காய்த்து, இலை நலமாக இருந்து, ரகத்துக்குரிய எல்லா அடையாளமும் கொண்ட செடியே விதைச்செடி. ஒரு ரகத்துக்கு இரண்டு மூன்று செடி இருந்தால் ஒன்றையொன்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஒற்றைச் செடியிலிருந்து எடுத்தால் அதையும் உறையில் எழுதிவிடுங்கள்.

விதை எடுத்தல்

ஆகஸ்டில் இரவுக் குளிரும் பனிநீரும் சேர்ந்தால் இங்கே பின்பருவக் கருகல் நோய் வந்துவிடும், ஓரிரு நாளில் பாத்தியே கறுக்கும். விதைப்பழத்தை அதற்கு முன் பறித்துவிடுங்கள். முழுக்கச் சிவக்காமல், பழுக்கத் தொடங்கிய நிலையில் பறித்து வீட்டுக்குள் வைத்தாலும் விதை முற்றிவிடும்.

நன்றாகப் பழுத்த பின் வெட்டி, விதையைச் சாறோடு கண்ணாடிக் கிண்ணத்தில் பிழியுங்கள். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான உறையில் முளைப்பைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. அது புளித்துக் கரைய வேண்டும். அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாள். மேலே ஆடை கட்டும், நாற்றமும் வரும், அது சரிதான். தண்ணீர் சேர்க்க வேண்டாம், சேர்த்தால் கிண்ணத்திலேயே முளைக்கத் தொடங்கும். பிறகு வடிகட்டியில் போட்டுத் தேய்த்துக் கழுவி, மிதப்பவற்றைக் கொட்டிவிட்டு, பீங்கான் தட்டிலோ காபி வடிகட்டும் தாளிலோ பரப்புங்கள். செய்தித்தாளில் ஒட்டிக்கொள்ளும். வெயிலோ ஹீட்டரோ வேண்டாம். நிழலில் காற்றோட்டமாக ஒரு வாரம். என் அம்மா ஊரில் தக்காளி விதையைச் சாம்பலில் பிசறிக் காயவைப்பார். வீட்டுக்கு மட்டும் என்றால் அதுவும் நல்ல முறைதான். அடுத்தவருக்கு அனுப்பும்போது விதை சுத்தமாக, நுண்மயிர் தெரிய இருக்க வேண்டும். பெறுகிறவர் பார்த்தே தரத்தை அறிவார்.

ஒரு நேரத்தில் ஒரு ரகம் மட்டுமே. கிண்ணம், வடிகட்டி, தட்டு மூன்றையும் ஒவ்வொரு ரகத்துக்குப் பிறகும் கழுவி, ஒட்டிய விதை ஒன்றுகூட இல்லை என்று பார்த்த பின்னரே அடுத்தது. பெயர்ச்சீட்டு கிண்ணத்தோடும் தட்டோடும் கூடவே நகர வேண்டும். ரக மாறாட்டத்தை இங்கே ‘பெரெசோர்த்’ என்பார்கள். விதை மாற்றுவோர் மிகவும் அஞ்சும் சொல் இது. அது பெரும்பாலும் பூவில் நடப்பதில்லை, சமையலறை மேசையில்தான் நடக்கிறது.

காய்ந்த விதையைத் தாள் உறையில் போட்டு, மூடி இறுகிய பாட்டிலில், குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள். ஐந்தாறு ஆண்டு தாராளமாக முளைக்கும். ஒரு கிராமில் ஏறத்தாழ 300 விதை இருக்கும்; ஒரு ரகத்துக்கு நாலைந்து பழம் போதும்.

நோய் விஷயத்தில் தயவு கூடாது

புளிக்க வைத்தால் எல்லாக் கிருமியும் போய்விடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. போகாது. பாக்டீரியா நோய்களுக்கு 50 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம் விதை நேர்த்தி செய்வது பயன் தரும். வெப்பமானி இல்லாமல் முயல வேண்டாம். பொட்டாசியம் பர்மாங்கனேட் கரைசலில் ஊறவைப்பது இங்கே பாட்டிமார் காலத்துப் பழக்கம், விதையின் மேற்பரப்புக்கு மட்டும் நல்லது. வைரஸ் வேறு. 2014-இல் இஸ்ரேலிலும் அடுத்த ஆண்டு ஜோர்டானிலும் காணப்பட்ட பழுப்புச் சுருக்கப் பழ வைரஸ் விதை வழியாகவும், கைபட்டும் கத்திபட்டும் பரவுகிறது. அதிலிருந்து முழுப் பாதுகாப்பு தரும் வீட்டு வைத்தியம் எதுவும் இல்லை. இலையில் மொசைக் திட்டு, நூல் போல் ஒடுங்கிய இலை, பழத்தில் பழுப்புச் சுருக்கம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தச் செடியிலிருந்து விதை எடுக்காதீர்கள், எவ்வளவு அரிய ரகமானாலும் சரி. அந்த ஆண்டு அந்த ரகத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, முன்பு யாருக்குக் கொடுத்தோமோ அவரிடம் திருப்பிக் கேளுங்கள். விதையைப் பலருக்குக் கொடுத்துவைப்பதன் பயன் அப்போது தெரியும்.

உறையும் முறையும்

ரகத்துக்குப் பத்து முதல் பதினைந்து விதை. அனுப்பும் முன் பத்து விதையை ஈரத் தாளில் சுருட்டி 25 டிகிரியில் வைத்து, ஒரு வாரத்தில் எத்தனை முளைத்தது என்று எண்ணுங்கள். எட்டுக்குக் குறைந்தால் அனுப்ப வேண்டாம்.

விதையைச் சின்ன ஜிப் பைகளில் போட்டு, ஒன்றன்மேல் ஒன்று விழாமல் அட்டையில் வரிசையாக ஒட்டி, காற்றுக்குமிழ்த் தாளில் சுற்றுங்கள். அஞ்சல் பிரிக்கும் இயந்திர உருளைக்குள் போனால் வெறும் தாள் உறையிலுள்ள விதை நசுங்கிவிடும். இருபத்தைந்து டிகிரி உறைபனியில் தபால்பெட்டியில் கிடந்தாலும் நன்றாகக் காய்ந்த விதைக்கு ஒன்றும் ஆகாது. ஈரம் மிச்சமிருந்தால் செத்துவிடும்.

பட்டியலில் நீங்களே வளர்த்ததை மட்டும் எழுதுங்கள். மாற்றிக்கொடுக்க ஒன்றும் இல்லாத புதியவர் தன் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறையை உள்ளே வைத்து அனுப்பினால் போதும், யாரும் மறுப்பதில்லை. அதிகம் கேட்காதீர்கள், மூன்று நான்கு ரகம் கேட்டு அவற்றை ஒழுங்காக வளர்ப்பது மரியாதை. இலையுதிர் காலத்தில், கொடுத்தவருக்குப் பதில் எழுதுவது கடமை: முழுப் பழம், குறுக்காக வெட்டிய பழம், இலை மூன்றையும் அளவுகோலோடு ஒரே படத்தில் எடுத்து அனுப்புங்கள். ரகம் மாறி வந்திருந்தால் கோபமில்லாமல் சொல்லுங்கள். அவரிடம் விதை பெற்ற மற்றவர்களுக்கும் அது போய்ச் சேர வேண்டிய செய்தி. அப்படிச் சொல்லப்பட்டபோது பட்டியலைத் திருத்தி எல்லோருக்கும் எழுதுகிறவரை இறுகப் பற்றிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து சிலர் என்னிடம் விதை கேட்கிறார்கள். உறையில் போட்டு அனுப்ப முடியாது. இந்தியாவின் 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2019 டிசம்பரிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வெளியிலிருந்து விதை நுழையக் கூடாது. மேலே சொன்ன வைரஸை நினைத்தால் இந்தக் கட்டுப்பாடு நியாயமே. குட்டையாய் வளர்ந்து, முளைத்த 80 நாளில் பழுக்கத் தொடங்கும் ‘சான்கா’ போன்ற ரகங்கள் குறுகிய கோடைக்காக உருவானவை. மதுரை வெயிலில் அவற்றுக்கு என்ன வேலை? உங்களிடம் நாட்டுத் தக்காளி இருக்கிறது. பை கட்டுவதும், நூல் கட்டுவதும், உறையில் ஊரும் ஆண்டும் எழுதுவதும் அதற்கும் அப்படியே பொருந்தும். நீங்கள் பூ மூட வேண்டிய மாதம் மட்டும் வேறு: சமவெளியில் வெயில் ஏறும் மார்ச்சுக்கு முன், கார்த்திகை, மார்கழியில் பூக்கும் செடிகளிலிருந்து விதைக்கொத்தைத் தேர்ந்தெடுங்கள்.